கழிக்கத் தெரியாத சிப்

ஐந்துடன் மைனஸ் எட்டைக் கூட்டச் சொன்னால் ஏழாவது படிக்கும் மகள் திணறுகிறாளாம். "கம்ப்யூட்டர் மட்டும் எப்படிச் சட்டென்று போடுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பள்ளிக்கூட விதி தெரிந்ததுதான். குறி ஒன்றாக இருந்தால் கூட்டு. வேறாக இருந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதன் குறியைப் போடு. கி.பி. 628-லேயே நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதைத் தனம், ரிணம், அதாவது சொத்து, கடன் என்று சொல்லிவிட்டார். ஆனால் கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் சிப் இந்த விதியைத் தொடுவதே இல்லை. குறியைப் பார்ப்பது, எது பெரியது என்று ஒப்பிடுவது, இதற்கெல்லாம் தனித்தனிச் சுற்று கட்ட வேண்டும். அதைவிட அழகான குறுக்குவழி ஒன்று இருக்கிறது.

பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டம், 0000 காட்டுகிறது. ஒன்று பின்னால் சுற்றினால் 9999. (பழைய வண்டி விற்பவர்கள் சிலருக்கு இந்தக் கலை கைவந்தது.) மூன்று சுற்றினால் 9997. அதையே மைனஸ் 3 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மைனஸ் 8 என்பது 9992.

இப்போது 5-ஐயும் 9992-ஐயும் சும்மா கூட்டுங்கள். 9997. அதாவது மைனஸ் 3! எங்கேயும் கழிக்கவில்லை, குறியைப் பார்க்கவில்லை. 8-உடன் மைனஸ் 5-ஐக் கூட்டினால்? 8 + 9995 = 10003. ஐந்தாவது கட்டம்தான் இல்லையே, முன்னால் நிற்கும் 1 உதிர்ந்துவிடும். மிச்சம் 0003. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த அன்று நான் தாள் தாளாகக் கிறுக்கினேன். பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் 1642-ல் செய்யத் தொடங்கிய கணக்குப் பொறியிலும் சக்கரங்கள் பின்னால் சுழலாது; அவரும் இதே குடும்பத்து உத்தியால்தான் கழித்தார்.

சிப்பில் 0, 1 மட்டுமே என்பதால் வேலை இன்னும் சுலபம். எட்டு பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் எட்டு கட்டத்தில், 3 என்பது 00000011. 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டிப் போட்டால் 11111100. இரண்டையும் கூட்டினால் எல்லாம் 1. இன்னொரு 1 சேர்த்தால் எல்லாம் 0 ஆகி, மிஞ்சும் 1 வெளியே விழும். ஆக, புரட்டி ஒன்று சேர்த்த 11111101-தான் மைனஸ் 3. முதல் பிட் 1 என்றால் குறை எண். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், விதியை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன் பிள்ளைகள் கையில் இப்படி ஒரு அட்டை மீட்டரைக் கொடுக்கலாம். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

வில்லங்கம் ஒன்று உண்டு. முதல் பிட் குறிக்குப் போய்விடுவதால் எட்டு பிட்டில் 127-க்கு மேல் இடமில்லை. 127-உடன் 1 கூட்டினால் மைனஸ் 128 வந்து நிற்கும். நேரத்தை 1970-லிருந்து நொடிகளாக 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கும் இதே கதிதான். 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரப்படி 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அடுத்த நொடியில், மாற்றாமல் விட்ட கருவிகளின் கடிகாரம் 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்.