மலையக வீதிகளில் வேகத்தைக் குறைக்க: யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

மலையகத்தில் எந்த டவுனை எடுத்தாலும் வீதியில் நடந்து போகிறவர்கள்தான் அதிகம். பாடசாலைப் பிள்ளைகள், கொழுந்து மடுவத்துக்குப் போகிறவர்கள், சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள், அப்புறம் சைக்கிளில் மரக்கறி கொண்டுபோகும் சிலர். வீதியோ வண்டிகளுக்காக மட்டுமே போட்டது போல் இருக்கிறது. ஒரு பக்கம் மண்மேடும் அதன் அடியில் ஆழமான கானும். மறுபக்கம் பள்ளம். பஸ் வந்தால் ஒதுங்க ஓரடி இடம் கிடையாது.

இதை மாற்றித் தரும்படி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, அதற்கான வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கடிதங்கள் தவறான அலுவலகத்துக்குப் போய் அங்கேயே தூங்குகின்றன. ஆகவே முதலில் அந்த விஷயத்தைப் பார்ப்போம்.

வீதி யாருடையது?

இலங்கையில் வீதிகள் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா வரும் வீதி ஏ7. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி போவது ஏ5. பெரகலயிலிருந்து ஹாலிஎல போவது ஏ16. சி, டி தர வீதிகள் மாகாண சபைக்கு உரியவை. மற்ற உள்வீதிகள் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைகளிடம் இருக்கின்றன. டவுனின் நடுவே போவதால் பிரதான வீதி நகர சபையுடையது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஹட்டன் டவுனுக்குள் போனாலும் ஏ7 ஏ7தான். அங்கே வேகத்தடை போட நகர சபைத் தலைவருக்கு எழுதினால் அவரால் அந்தக் கடிதத்தை அனுப்பிவைக்க மட்டும்தான் முடியும்.

தோட்ட வீதிகளின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலமாகத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டார்கள், ஆனால் அவர்கள் தெரிவுசெய்த சபையால் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லைக்கூடப் போட முடியவில்லை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. அதனால் இன்று யாராவது "தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய முடியாது" என்று சொன்னால் அது பழைய பதில். அதே நேரம், சபையிடம் கையளிக்கப்படாத பாதை இன்னும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. முகாமையாளரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய பிரதேச சபைகள் உருவாகி 2018 தேர்தலிலிருந்து இயங்குகின்றன. முன்பு அம்பகமுவைக்கோ நுவரெலியாவுக்கோ எழுதிய பழக்கத்தில் இன்றும் அங்கேயே எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் வட்டாரம் எந்தச் சபையில் வருகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

சட்டம் சொல்லும் வேகமும் உடம்பு தாங்கும் வேகமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் கார், வேன், மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்கு நகரப் பகுதிக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர், வெளியே 70 என்பதுதான் வேக எல்லை. முச்சக்கர வண்டிக்கு 40. இந்த 50கூடக் கடைத்தெருவுக்கு அதிகம் என்பதுதான் என் கருத்து. காரணம் எளிய கணக்கு. 50இல் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். பிள்ளை வீதிக்கு இறங்குவதைக் கண்டு சாரதி பிரேக்கில் கால் வைக்கவே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். 30இல் வந்தால் அதே நேரத்தில் 8 மீட்டர்தான் போகும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரமும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 30ஐ 50 ஆக்கினால் அந்தத் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. இது சமதரையில், காய்ந்த வீதியில். நம் இறக்கங்களில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து சுமார் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் அதிகபட்சம் 30தான் இருக்க வேண்டும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மட்ட மாநாட்டின் பிரகடனம் கேட்டுக்கொண்டது.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்களும், அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேரும் போய்விட்டார்கள். இவை நாடே பேசிய விபத்துகள். மஞ்சள் கடவையில் தனியாக அடிபட்டு, கால் போய், வேலைக்குப் போக முடியாமல் லயத்தில் கிடக்கிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டவுன் வீதிகளைத் திருத்துவது அவருக்காகத்தான்.

என்ன கேட்பது?

"வீதியைப் பாதுகாப்பாக்கித் தாருங்கள்" என்று எழுதினால் ஒரு பலகை நடுவார்கள். பலகைக்குப் பக்கத்தில் நாள் முழுக்கப் பொலிஸ் நின்றால்தான் அதற்கு மதிப்பு. வீதியின் அமைப்பே சாரதியை மெதுவாகப் போகவைக்க வேண்டும். அதனால் கேட்கும்போது பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் வீதிகளுக்கு நான் முதலில் கேட்பது கானுக்கு மூடி. மலை வீதியில் மேட்டுப் பக்கம் ஓடும் வடிகான் இரண்டு, மூன்று அடி அகலம் இருக்கும். அதைக் கொங்கிரீட் மூடி போட்டு மூடினால் காணி எடுக்காமல், சுவர் இடிக்காமல் ஒரு நடைபாதை கிடைத்துவிடுகிறது. ஆனால் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் உள்ளே இறங்க இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வீதியில் பாய்ந்து மண்ணையும் சரளையையும் வளைவில் கொண்டுவந்து சேர்க்கும். அந்தச் சரளையில்தான் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சறுக்குகின்றன. உள்ளே அடைத்தால் தோண்டி எடுக்கக்கூடியபடி, கழற்றும் மூடியாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பி மூடி போடும் இடத்தில் கம்பிகள் வீதிக்குக் குறுக்காக வர வேண்டும். நெடுக்காக வைத்தால் சைக்கிள் சக்கரம் நடுவில் இறங்கி ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். மண்சரிவு அபாயம் உள்ள சரிவென்றால் வடிகாலைத் தொடும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வேகத்தடை. ஊரில் பலர் கேட்பது ஒரு முழ அகலத்தில், கூராக எழும்பி நிற்கும் மேட்டை. அதில் கார்க்காரர் சத்தத்தோடு தாண்டிப் போய்விடுவார், சைக்கிள்காரரும் கர்ப்பிணியை ஏற்றிவரும் ஆட்டோவும்தான் அடிபடும். சரியான வேகத்தடை அகலமானது. வண்டி போகும் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளமும் 7.5 முதல் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. மெதுவாகப் போனால் முதுகுக்குத் தெரியாது. பாடசாலை வாசலில் இதையே தட்டையான மேடையாக்கி அதன் மேல் மஞ்சள் கடவையைப் போட்டால் இன்னும் நல்லது. பிள்ளை உயரத்தில் நிற்பதால் சாரதியின் கண்ணுக்குப் படும், வண்டியும் தானாக மெதுவாகும்.

ஆனால் செங்குத்தான இறக்கத்தின் நடுவில் வேகத்தடை கேட்காதீர்கள். 100 மீட்டருக்கு 8 மீட்டருக்கு மேல் இறங்கும் இடத்தில் வேண்டாம் என்பது பொறியியலாளர்களின் பொதுவான வழிகாட்டல். பாரம் ஏற்றிய லொறி அங்கே திடீரென்று பிரேக் பிடிப்பது ஆபத்து. இறக்கம் தொடங்கும் முன்பே, வண்டி வேகமெடுக்காத இடத்தில் கேளுங்கள். இறக்கத்திலேயே ஏதாவது வேண்டுமென்றால் குறுக்குப் பட்டைக் கோடுகள், வளைவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை, ஒளி தெறிக்கும் ஓரக்கோடு, குவியாடி ஆகியவை பொருந்தும். பனிமூட்டத்தில் ஓரக்கோடு செய்யும் உதவியைப் பட்டிப்பொல பக்கம் இரவில் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்.

பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கடவை பஸ்ஸுக்கு முன்னால் இருந்தால், இறங்கியவர்கள் பஸ்ஸின் மறைவிலிருந்து திடீரென வீதிக்கு வருவார்கள். நிறுத்தத்தைக் கடவைக்கு அப்பால் சில மீட்டர் தள்ளிவைத்தால் எல்லோரும் பஸ்ஸின் பின்பக்கமாகக் கடப்பார்கள். வருகிற வண்டிக்கும் அவர்கள் தெரிவார்கள். பெரிய செலவில்லாத மாற்றம் இது.

சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்கலாமா? நுவரெலியா டவுனில், கிரகரி வாவியைச் சுற்றிய சமதரைப் பகுதியில் தாராளமாகக் கேட்கலாம். குறுகலான மலை வீதியில் இரு பக்கமும் கிடைக்காது. அங்கே ஒரு பக்கத்துக்கு மட்டும் இடம் இருக்கிறதென்றால் ஏறுகிற பக்கத்துக்குக் கேளுங்கள். ஏற்றத்தில் சைக்கிள் மெதுவாக, இப்படியும் அப்படியும் ஆடித்தான் போகும், பின்னால் வரும் பஸ் பொறுமை இழந்து முந்தப் பார்க்கும். இறங்கும் சைக்கிள் கிட்டத்தட்ட வண்டிகளின் வேகத்திலேயே போய்விடுகிறது. ஏறுகிற பக்கம் வீதியின் தோளை, அதாவது தாருக்கு வெளியே உள்ள ஓரத்தை, ஒரு மீட்டர் அகலப்படுத்தி, சரளை இல்லாமல் தார் போட்டுத் தந்தாலே நடப்பவர்களுக்கும் அது உதவும்.

ஊர் இளைஞர்கள் சேர்ந்து இரவோடு இரவாகத் தாரோ கொங்கிரீட்டோ கொட்டி மேடு கட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். கோபம் நியாயமானது. ஆனாலும் செய்ய வேண்டாம். அனுமதியில்லாமல் பொது வீதியில் கைவைப்பது சட்டப்படி குற்றம், அந்த மேட்டில் யாராவது விழுந்தால் பொறுப்பும் உங்கள் தலையில் வரும்.

கடிதம்

தமிழில் எழுதுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. வீதியின் பெயர், தரம், பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல், பாடசாலை அல்லது கோயில் பெயர், எந்த நேரத்தில் நெருக்கடி, எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்பதைப் போடுங்கள். காலை ஏழு மணியளவில் எடுத்த இரண்டு படங்கள் போதும். அதிபரும் கோயில் தலைவரும் தோட்டத் தலைவரும் கையெழுத்திட்டால் கனம் கூடும். பிரதி பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கும் வட்டார உறுப்பினருக்கும் போகட்டும். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுப் பாதீட்டில் வர வேண்டுமென்றால் அது தயாராகும் முன்பே, ஆகஸ்ட், செப்டெம்பர் வாக்கில் கடிதம் மேசையில் இருக்க வேண்டும்.

2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலையக வீதிகள் பல உடைந்தன. உடைந்ததைத் திருத்தும் நேரம்தான் நடைபாதையும் கான்மூடியும் கேட்கச் சரியான நேரம். தார் போட்டு முடிந்த பிறகு கேட்டால் மறுபடி தோண்ட யாரும் முன்வர மாட்டார்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம் போகலாம், அதற்கு அப்புறம் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம். கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்: இந்தத் திகதிக் கடிதத்துக்கு என்ன முடிவு எடுக்கப்பட்டது, மதிப்பீடு எவ்வளவு, வீதிக்கு ஒதுக்கிய நிலத்தின் அகலம் எவ்வளவு. கடைசிக் கேள்வி முக்கியம். "இடம் இல்லை" என்ற பதிலுக்கு அதில்தான் பதில் கிடைக்கும். பல டவுன்களில் இடம் இருக்கிறது, கடைச் சாமான் அதை மூடியிருக்கிறது.

இதோடு இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. அடித்துவிட்டு நிற்காமல் ஓடிய, இன்னதென்று அடையாளம் தெரியாத வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையில் இருக்கிறது. அதற்குப் பொலிஸ் முறைப்பாடு அவசியம். வண்டி இலக்கம் தெரியாதே என்று முறைப்பாடு செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் போய்ப் பாருங்கள். வேகத்தடைக்கு வெள்ளைப் பூச்சும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லையென்றால் பனிமூட்டத்தில் அதுவே விபத்தாகும். நம் மழைக்குப் பூச்சு விரைவில் தேய்ந்துபோகும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.