மர்மக் காய்ச்சலுக்கு என்ன வயது?

வேலூர் சத்துவாச்சாரி டீக்கடையில் அன்றைக்கு இரண்டு கட்சி. மழை விட்ட வாரம். தெருவுக்கு நாலு வீட்டில் இருமல். பேப்பர்காரர்கள் வழக்கம்போல 'மர்மக் காய்ச்சல்' என்று போட்டுவிட்டார்கள். "பாலாத்துல தோல் ஷாப்பு தண்ணி கலக்குதில்ல, அதான்" என்றார் ஒருவர். "தண்ணியாவது ஒண்ணாவது! மருந்து விக்கறதுக்கு எவனோ லேப்ல செஞ்சி உட்டுட்டு கீறான்" என்றார் கடைக்கார அண்ணன்.

முதல் சந்தேகத்துக்கு நாள்காட்டியே போதும். தோல் கழிவிலுள்ள குரோமியம் உடம்புக்குக் கெடுதல்தான். அது தனிப் புகார், நியாயமான புகார். ஆனால் குரோமியம் குட்டி போடாது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களோடு நின்றுவிடும். இந்தக் காய்ச்சலையோ பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வாங்கி வருகிறது. இரண்டு நாள் கழித்து அம்மா படுக்கிறாள், இன்னும் இரண்டு நாளில் தாத்தா. கேன் தண்ணீர் வாங்குகிற வீடும் தப்பவில்லை. ஆளுக்கு ஆள் தாவுகிற கிருமிதான் இப்படித் தவணை வைத்து வரும்.

இரண்டாவது சந்தேகத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் கிருமியின் வயதைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவையே எடுத்துக்கொள்வோம்.

ஃப்ளூ வைரஸின் மரபுச் சரம் எட்டுத் துண்டு, மொத்தம் சுமார் 13,500 எழுத்து. தன்னைப் படியெடுக்கும்போது பிழை திருத்தத் தெரியாத குமாஸ்தா அது. நம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் ஹீமக்ளூட்டினினுக்கான துண்டில் மட்டும் 1,700 சொச்சம் எழுத்து. மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தால் ஆண்டுக்குத் தோராயமாக ஐந்தாறு மாறிவிடும். மாறியதை எண்ணினால் எத்தனை வருஷம் சுற்றியது என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கு மூக்கில் தொடங்குகிறது: உள்ளே விட்டுச் சுழற்றிய பஞ்சுக் குச்சியை இளஞ்சிவப்புத் திரவமுள்ள குழாயில் முறித்துப் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். வேலூருக்கு இதெல்லாம் புதிதில்லை. 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது இங்கிருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வைராலஜி லேப்தான்.

இப்போது 1977க்குப் போவோம். சீனாவிலும் சோவியத் நாட்டிலும் எச்1என்1 ஃப்ளூ கிளம்பியது. 1957இல் 'ஆசிய ஃப்ளூ' வந்ததும் காணாமல் போயிருந்த வகை அது. வந்தது இளசுகளையே பிடித்தது. இருபத்தைந்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அவர்கள் உடம்புக்குச் சின்ன வயதிலேயே அதனோடு பழக்கம். 1978இல் மரபுப் பொருளை ஒப்பிட்டால், 1950ஐ ஒட்டிய வைரஸோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்தியது. அத்தனை காலம் ஊர் சுற்றியிருந்தால் ஹீமக்ளூட்டினின் துண்டிலேயே நூறு எழுத்துக்கு மேல் மாறியிருக்க வேண்டும். இது அவ்வளவு மாறவேயில்லை. எங்கோ ஒரு ஃப்ரீசரில் தூங்கியிருக்கிறது. தடுப்பூசிச் சோதனையிலிருந்து வந்ததா, லேப்பில் கை தவறியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மனிதர் கை பட்டுத்தான் திரும்பியது என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

2009 பன்றிக் காய்ச்சலின்போதும் இதே பேச்சு எழுந்தது. அந்த வைரஸின் எட்டுத் துண்டும் பன்றிகளிடையே பல ஆண்டு சுற்றி மாறியவை. 2016இல் மெக்சிகோ பன்றிகளிடம் அதன் மூதாதைகளின் தடமும் கிடைத்தது. லேப் கதை அங்கே எடுபடவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது என் டீ ஆறிப்போயிருந்தது. அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் சொன்னது கரெக்டுதான?"

"எழுபத்தேழுக்குப் பாதி கரெக்டுண்ணா."