மீசை வெட்டின சிங்கி

போன வைகாசியில் ஒரு காலை, திருகோணமலை மீன் சந்தையில் நீல நண்டு குவித்திருந்த பெட்டியின் ஓரத்தில் அது கிடந்தது. நண்டில்லை, இறாலில்லை, சிங்கி இறால் என்று சொல்லலாமென்றால் அந்த நீட்டு மீசையைக் காணோம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், ஈர மணலின் நிறம், யாரோ காலால் மிதித்துத் தட்டையாக்கிவிட்ட மாதிரி ஒரு உடம்பு. என்ன அண்ணே இது என்று கேட்டேன். "அதுவும் சிங்கிதான் தம்பி, மீச வெட்டின சிங்கி" என்றார், சிரிக்காமல்.

அரைக் கிலோ நண்டோடு அதையும் வாங்கி வந்து, கழுவக் கொடுப்பதற்கு முன் குசினி மேசையில் ஒரு தட்டில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

முதலில் அந்த மீசை விஷயத்தை முடித்துவிடுவோம். அது வெட்டப்படவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. இறால், நண்டு, சிங்கி எல்லாவற்றுக்குமே இரண்டு சோடி உணர்கொம்புகள் உண்டு. சிங்கி இறாலில் இரண்டாவது சோடிதான் உடம்பை விட நீளமாக, முள்ளும் முரடுமாக வளர்ந்து, எதிரி வந்தால் சவுக்கு மாதிரி வீசுவதற்கு உதவுகிறது. நம்முடைய தட்டைச் சிங்கியில் அதே கொம்பின் கணுக்கள் நீளாமல் அகலமாகி, விளிம்பில் பல்லுப் பல்லாக வெட்டிய இரண்டு பலகைகளாகிவிட்டன. முகத்துக்கு முன்னால் மண்வெட்டி பிடித்துக்கொண்டு போவது மாதிரி ஒரு தோற்றம். ஆங்கிலத்தில் இதைச் செருப்போடு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவுஸ்திரேலியாக்காரர் இன்னும் ஒரு படி இறங்கி 'மோர்ட்டன் பே பக்' என்று பூச்சியாக்கிவிட்டார்கள். நம் சந்தையில் மீசை வெட்டின சிங்கி. மூன்றில் எது பொருத்தம் என்று கேட்டால் நான் சந்தைக்காரர் பக்கம்தான்.

அந்த இரண்டு பலகைகளுக்கும் நடுவில் உற்றுப் பார்த்தால் நூல் மாதிரி இன்னொரு சோடி இருக்கும். அதுதான் மூக்கு. தண்ணீரில் அதைச் சுண்டிச் சுண்டி, கரைந்து வரும் மணத்தைப் பிடிக்கும். கண்கள் இருக்கும் இடம் இன்னும் வேடிக்கை: ஓட்டின் முன்பக்க மூலைகளில், ஒன்று இந்த அந்தத்தில், மற்றது அந்த அந்தத்தில். செருப்புச் சிங்கிக் குடும்பத்தில் பல வகைகள் உண்டு, பாறைக்குள் வாழ்பவை, பவளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருப்பவை என்று. ஆனால் கண் இப்படி ஓட்டின் மூலைக்கே போயிருந்தால் அது தீனஸ் என்ற பேரினம், மணலிலும் சேற்று மணலிலும் வாழ்கிற வகை. நான் வாங்கியது அதுதான். இந்தத் தீனஸ் எல்லாமே ஒரே உயிரினம் என்றுதான் இருநூறு வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் அவுஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து காலில் உள்ள புள்ளி, உடம்பின் அளவுகள், மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஐந்தாகப் பிரித்தார்கள். இந்தியக் கரைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதில் 'யுனிமாக்குலேட்டஸ்', அதாவது ஒற்றைப் பொட்டுக்காரன். காலின் உள்பக்கம் ஊதா கலந்த கறுப்பில் ஒரு திட்டு இருக்கும்.

சரி, ஏன் இவ்வளவு தட்டை? சிங்கி இறால் பகலில் பாறைப் பொந்துக்குள் போய் மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். மணல் வெளியில் பொந்து ஏது? அதனால் இது மணலையே பொந்தாக்கிக்கொள்கிறது. வாலால் அடித்துப் பின்பக்கமாக மணலுக்குள் இறங்கி, மேலே மெல்லிசாக மண்ணை மூடிக்கொள்ளும். கண் இரண்டும் அந்தச் சின்னக் கொம்புகளும் மட்டும்தான் வெளியே. பகல் முழுக்க அப்படியே கிடக்கும். ஒரு திருக்கையோ களவாயோ மேலே நீந்திப் போனாலும், நிழல் விழாத தட்டை உடம்பு, மணல் நிறம், எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

இரவில்தான் எழும்பும். அப்போது பார்த்தால் சோம்பேறி என்று சொல்ல மாட்டீர்கள். வாலை மடக்கி மடக்கி அடித்துப் பின்புறமாகப் பாய்வது எல்லா இறாலுக்கும் தெரியும், ஆனால் தீனஸ் அதோடு நிற்பதில்லை, உண்மையாகவே நீந்தும். ஒரு அடி, பிறகு கொஞ்ச தூரம் வழுக்கல், மறுபடி ஒரு அடி. முகத்துப் பலகைகள் இங்கேதான் வேலைக்கு வருகின்றன: அவற்றின் சரிவைக் கொஞ்சம் மாற்றினால் மேலே எழும்பலாம், பதியலாம், திரும்பலாம். விமானத்தின் சிறகில் அசையும் தகடுகள் செய்யும் அதே வேலை. 1980களில் இதன் நீச்சலையே தனியாக ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மீசையைத் தியாகம் செய்து சிறகு வாங்கிக்கொண்ட பிராணி என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பெரிய பிழையில்லை.

சாப்பாடு பெரும்பாலும் மட்டி, சிப்பி வகைகள். இதற்குக் கொடுக்கு கிடையாது, நண்டு மாதிரி நொறுக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கால் நுனிகள் ஊசி மாதிரி. இதே குடும்பத்தின் பெரிய வகைகளைத் தொட்டியில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது: சிப்பியைக் கால்களுக்குள் அணைத்துப் பிடித்து, இரண்டு ஓடும் சேரும் விளிம்பில் ஒரு கால் நுனியை மெல்ல நுழைத்து, அந்த இடைவெளியில் இன்னொரு காலை விட்டு, இப்படியே ஆப்பு அடித்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கடைசியில் உள்ளே ஓடுகளை இழுத்துப் பிடிக்கும் தசையை அறுத்துவிடும். அதற்குப் பிறகு சிப்பி தானாகவே வாய் திறக்கும். மட்டி உடைக்க நாங்கள் கத்தியோடு படுகிற பாட்டைப் பார்க்கும்போது இது எவ்வளவோ நேர்த்தி.

இனி முட்டை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், மீன்பிடிக் கதை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

ஆண் தன் விந்தைப் பசை மாதிரி ஒரு திரளாகப் பெண்ணின் நெஞ்சுப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போகும். பெண் முட்டைகளை வெளியே விடும்போது அங்கே கருக்கூடி, வாலுக்கு அடியில் உள்ள மெல்லிய துடுப்புக் கால்களின் மயிர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை பத்தாயிரக்கணக்கில். நிறையத்தான் என்று தோன்றும், ஆனால் சிங்கி இறால் இலட்சக்கணக்கில் போடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் தாய் அதைச் சுமந்து, துடுப்புகளை ஆட்டி ஆட்டிப் புதுத்தண்ணீர் காட்டி, அழுக்கு எடுத்துக்கொண்டு திரியும். புது முட்டை நல்ல செம்மஞ்சளாக இருக்கும். உள்ளே குஞ்சு வளர வளர மஞ்சட்கரு கரைந்து நிறம் மங்கி, கடைசிக் கட்டத்தில் பழுப்பாகி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கறுப்புக் கண் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பழுப்பு என்றால் பொரிக்க நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பொரிந்து வருவது அம்மாவைப் போல ஒரு துளியும் இருக்காது. கண்ணாடித் தாள் மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு தட்டு, அதிலிருந்து நீளமான மெல்லிய கால்கள், சிலந்தியை இஸ்திரி போட்ட மாதிரி. பெயர் ஃபில்லோசோமா, கிரேக்கத்தில் இலை உடம்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் லீச் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைத் தனி உயிரினம் என்றே நினைத்து அந்தப் பெயரை வைத்தார். சிங்கியின் குஞ்சுதான் இது என்று பிறகுதான் தெரியவந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இந்தக் குடும்பத்தின் இலைக் குஞ்சுகளில் சில, சொறிமுட்டை மேல் ஏறிச் சவாரி செய்கின்றன. தொட்டால் நமக்கு உடம்பெல்லாம் எரிகிற அதே சொறிமுட்டைதான். சவாரி மட்டுமில்லை, போகிற வழியில் வாகனத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு போகும்! சொறிமுட்டையின் உடம்பெல்லாம் கொட்டும் கூடுகள், அதாவது விஷம் அடைத்த நுண்ணிய பைகள். அவை குடலுக்குள் போனால் என்ன ஆகும்? யப்பானில் இதைச் சோதித்தார்கள். சொறிமுட்டையின் விஷத்தை ஊசியால் குஞ்சின் உடம்புக்குள் ஏற்றினால் குஞ்சு செத்துவிடுகிறது, ஆனால் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. காரணம், குடலுக்குள் சாப்பாட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உருவாகி, கொட்டும் கூடுகள் குடல் சுவரில் படாமல் அப்படியே பொட்டலமாகக் கட்டி எச்சமாக வெளியே அனுப்பிவிடுகிறது. நச்சுத்தன்மை உடம்புக்குப் பழகிப்போகவில்லை, பொதி கட்டும் தொழில்நுட்பம்தான் காப்பாற்றுகிறது.

சிங்கி இறாலின் குஞ்சு இப்படி இலையாகவே பல மாதங்கள் நடுக்கடலில் அலையும், எங்கே பொரித்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தீனஸ் அப்படியில்லை. நான்கே கட்டங்கள், ஏறக்குறைய ஒரு மாதம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 'நிஸ்டோ' என்ற உருவத்துக்கு மாறும். அது கிட்டத்தட்ட குட்டிச் சிங்கி மாதிரி, ஆனால் இன்னும் நிறமில்லாமல். சாப்பிடாமல் சேமிப்பில் ஓட்டி, அடியில் இறங்கி, ஓடு கழற்றி, மணலுக்குள் போய்விடும். குறுகிய காலம் என்பதால்தான் தொட்டியில் வளர்க்கவும் முடிந்தது. அவுஸ்திரேலியாவில் 1990களிலும், 2000களில் சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்திலிருக்கும் இந்திய மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தின் கூடத்திலும் முட்டையிலிருந்து குட்டி வரை கொண்டுவந்தார்கள்.

ஒரு மாதம் என்றால் குஞ்சு அதிக தூரம் போக நேரமில்லை. ஆக, இங்கே பொரிப்பதில் கணிசமான பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயேதான் இறங்கும். இங்கே முட்டைத் தாயைப் பிடித்துத் தீர்த்தால் வேறெங்கோ இருந்து வந்து நிரப்பும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மும்பையில் நடந்ததைப் பாருங்கள். 1970களின் கடைசியிலும் 80களிலும் இழுவைப் படகுகள் இதை அள்ளிக்கொண்டு வந்தன, முட்டையோடு வந்த பெண்களையும் சேர்த்து. 1994 அளவில் அந்த மீன்பிடியே இல்லாமல் போயிற்று. இழுவை மடிக்கு இது ஏன் இவ்வளவு லேசாக மாட்டுகிறது என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை: ஆபத்து என்றால் மணலோடு மணலாகப் படுத்துக்கொள்வது இதன் பழக்கம், மடியின் அடிச்சங்கிலி வருவது அதே மணலைக் கிளறிக்கொண்டு. திருக்கைக்குப் பலித்த வித்தை சங்கிலிக்குப் பலிக்காது. இலங்கையில் 2017இல் இழுவை மடி மீன்பிடியைச் சட்டப்படி தடை செய்தார்கள். இந்தப் பிராணியை நினைத்துச் செய்யவில்லைதான், ஆனாலும் பலன் இதற்கும் உண்டு.

திருகோணமலையில் இது எக்காலத்திலும் பெரிய தொழிலாக இருந்ததில்லை, அதற்குக் காரணம் கடலின் அடி. இதற்கு வேண்டியது பத்து முதல் ஐம்பது மீற்றர் வரை ஆழமுள்ள மென்மையான தரை. நமக்கோ கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தட்டு, ஒடுக்கம், கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஏறி வந்து நிற்கிறது. கரையிலிருந்து பார்க்கத் திமிங்கிலம் தெரிகிற ஊரில் தட்டைச் சிங்கிக்கு மிஞ்சுவது கரையோரம் ஒரு நாடா மாதிரி நிலம்தான். மகாவலி கொண்டுவந்து கொட்டும் மணலும் சேறும் படியும் மூதூர், கிண்ணியாப் பக்கம் அந்த நாடா கொஞ்சம் அகலம். சிங்கி இறாலுக்கு வைக்கும் கூடு இதற்குச் சரிப்படாது, பொந்து தேடாத பிராணி கூட்டுக்குள் ஏன் போகிறது? அதனால் நான் பார்த்த அளவில் இதற்கென்று யாரும் வலை போடுவதில்லை. வாடை அடங்கிக் கடல் படுத்த பிறகு நண்டுக்கும் திருக்கைக்கும் அடியில் விரிக்கும் வலைகளில், இரவில் உலாவப் போன இடத்தில் சிக்கி வருவதுதான்.

என் வீட்டுக்கு வந்ததை வறுக்கச் சட்டியில் போட்டதும் மணல் நிறம் போய்ச் சிவந்தது. நீலச்சாம்பல் புரதம் ஒன்று பிடித்து வைத்திருந்த சிவப்புச் சாயம் சூட்டில் விடுபடுவதால் வருகிற நிறம், நண்டுக்கும் இதே கதைதான். சதை வாலில் மட்டும். நல்ல இனிப்பு, ஆனால் மொத்த எடையில் பாதிக்கு மேல் ஓடு, விலையை யோசித்தால் நண்டுக்கே என் வாக்கு.

இரண்டு கிழமை கழித்துக் கரையில் ஒரு தெரிந்த ஐயா நண்டு வலை கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு தட்டைச் சிங்கி அந்தப் பல்லுப் பலகைகளால் கண்ணிகளை முறுக்கிக்கொண்டு மாட்டியிருந்தது. சாதாரணமாக இதைக் காலை ஒடித்துத்தான் எடுப்பார்கள், இல்லையென்றால் வலை போய்விடும். அவர் புரட்டிப் பார்த்தார். வால் அடி முழுக்கப் பழுப்பு, கிட்டப் போய்ப் பார்த்தால் கண் பொட்டுகள். "இதால எனக்கு நாலு கண்ணி போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே கத்தியை எடுத்துக் கண்ணியை அறுத்து, ஒரு கடல் தண்ணி வாளிக்குள் போட்டார். விடியப்புறம் வலை விடப் போகும்போது வெளியே கொண்டுபோய் விடுவாராம். நான் நின்ற ஒரு மணித்தியாலத்தில் வாளித் தண்ணியை இரண்டு தரம் மாற்றினார்.