70 வீதம் என்றால் எதில் 70 வீதம்?

சில மாதங்களுக்கு முன் மட்டக்களப்பில் என்னைப் பார்க்க வந்த ஒரு தாயார், எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பில் நாள் குறித்துவிட்டு வந்திருந்தார். அங்கே கொடுத்த தாளை மேசையில் விரித்து, "எழுபது வீதம் குறையும் எண்டு சொல்லியிருக்காங்க, டொக்டர்" என்றார். அவருடைய உயரம் 160 சென்ரிமீற்றர், எடை 110 கிலோ. அதில் 70 வீதம் கழிந்தால் மிஞ்சுவது 33 கிலோ, அதாவது பள்ளிக்கூடப் பிள்ளையொன்றின் எடை. தாளில் இருந்ததோ 'மேலதிக எடையில் 70 வீதம்' என்பதாகும். உயரத்துக்கேற்ற எடையின் மேல் எல்லையாக இந்தக் கணக்கில் கொள்ளப்படும் உடற்திணிவுச் சுட்டி 25 ஆவதற்கு அவர் 64 கிலோ இருக்க வேண்டும். ஆகவே மேலதிகம் 46 கிலோ, அதில் 70 வீதம் ஏறக்குறைய 32 கிலோ. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அவர் 78 கிலோவில் நிற்பார். சீனி வருத்தத்துக்கும் மூட்டு வலிக்கும் அது பெரிய பலன்தான் என்றாலும், அவர் மனதில் வைத்திருந்த உருவம் அதுவல்ல. கணக்கைத் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டியபோது சற்று நேரம் பேசாமலே இருந்தார்.

அவர் 'ஸ்லீவ்' என்ற சத்திரசிகிச்சை முறையையும் பலூனைப் போன்ற ஒன்றாகவே நினைத்திருந்தார். பலூன் வாய்வழியாக இரைப்பைக்குள் வைக்கப்பட்டு, வழக்கமாக ஆறு மாதமளவில் எடுக்கப்படுவது. அது சத்திரசிகிச்சையே அல்ல. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது, வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு அது அதிகரிக்கவும் கூடும். இன்னொரு முறையான இரைப்பை பைபாஸில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையாக இரைப்பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டிச் சற்றுக் கீழேயுள்ள பகுதியோடு பொருத்தப்படுகிறது.

சிறு துளைகள் வழியே செய்வதைக் குறிக்கும் 'கீஹோல்' என்ற சொல்லைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. சிறியது தோலில் இடும் துளை மட்டுமே, உள்ளே நடப்பது பெரிய சத்திரசிகிச்சைதான். அனுபவமுள்ள நிலையங்களில் மரணம் அரிது என்பது உண்மை. ஆனால் தையல் கசிவு, இரத்தப்பெருக்கு, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது ஆகிய மூன்றையும் கையெழுத்திடும் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கசிவு பெரும்பாலும் முதல் சில நாட்களில், சிலருக்கு வீட்டுக்கு வந்த பின்னரும் தெரியவரும். அப்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டலாம், காய்ச்சல், வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி வரலாம். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து ஊர் திரும்பியவர், இதை 'காஸ்' என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, சத்திரசிகிச்சைக் குறிப்போடு உடனே போக வேண்டும்.

'டம்பிங்' என்ற சொல்லை எங்களூர்க்காரர்களுக்குத் தயிரையும் பாணியையும் கொண்டே விளக்குகிறேன். பைபாஸ் செய்தவர் ஒரு கோப்பை எருமைத் தயிரில் தாராளமாகப் பாணி ஊற்றிச் சாப்பிட்டால், அந்தச் சீனி வேகமாகக் குடலில் இறங்கி, அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் என்று ஆளைப் படுக்க வைத்துவிடும். விற்றமின் பி12, இரும்பு, கல்சியம் ஆகிய குளிசைகள் ஆயுள் முழுவதும் தேவைப்படும். விடாத வாந்தி இருந்தால் தயமின் (விற்றமின் பி1) குறைந்து மூளையே பாதிக்கப்படலாம் என்பதால், அதை எந்தக் காரணத்துக்கும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மூட்டு வலிக்குப் பாமசியில் தாமாகவே வாங்கும் டைக்குளோபெனாக், பைபாஸ் செய்தவரின் இரைப்பையும் குடலும் பொருத்தப்பட்ட இடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் அதைச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தள்ளிப்போட வேண்டும்.

அந்தத் தாயார் சத்திரசிகிச்சையைக் கைவிடவில்லை, திகதியை மட்டும் தள்ளிப்போட்டார். நான் கணக்குப் போட்ட தாளிலேயே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போனார்: எந்த முறை, கசிந்தால் இரவில் யாருக்கு அழைப்பது, இரத்தப் பரிசோதனையை மட்டக்களப்பிலேயே செய்தால் அறிக்கையை யார் பார்ப்பார். இரண்டாவது கேள்விக்கு ஒரு தொலைபேசி எண் கிடைத்த பின்னரே புதிய திகதியைக் குறித்தாராம்.