அடிக்கு இவ்வளவு, கன மீட்டருக்கு இவ்வளவு

தருமபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட ரிக் வண்டியைக் கூப்பிட்டால் கூலி அடிக்கணக்கில்தான். ஆயிரம் அடி இறங்கியும் புழுதியே பறந்தாலும் பணத்தை எண்ணி வைத்தாக வேண்டும். தண்ணீர் வருமா என்ற கவலை முழுவதும் நிலத்துக்காரருடையது. எதை அளந்து காசு வாங்குகிறோமோ, அதைப் பொறுத்தே நட்டம் யார் தலையில் விழும் என்பதும் அமைகிறது. இயந்திரம் செய்பவர்கள் அதோடு சேவையையும் சேர்த்து விற்கும்போது மாறுவது இந்த அளவைதான்.

1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தனது வைப்பர் ஜெட் எஞ்சினுக்குப் பறந்த மணிக்கணக்கில் கட்டணம் வைத்தது. பராமரிப்பும் உதிரிபாகமும் அதற்குள் அடக்கம். பின்னாளில் அந்த நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் இந்த முறையைப் பெரிதாக வளர்த்தது. அதுவரை எஞ்சின் பழுதானால் உதிரிபாகம் விற்ற வகையில் தயாரிப்பாளருக்கு வரவு. இனி பழுது என்றால் செலவு. வெப்பத்தையும் அதிர்வையும் உணரிகளால் கண்காணித்து, கெடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் அக்கறை அவருக்கு வந்ததில் வியப்பில்லை.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளிலும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலும் வால்வுகளைத் திறந்து மூட அழுத்தக் காற்று வேண்டும். அதைத் தரும் கம்ப்ரசரின் விலை பெரிதல்ல. அதன் ஆயுட்காலச் செலவில் பெரும்பங்கு மின்சாரம். காற்றே தராமல் சும்மா சுழலும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரசர் (திருகு உருளைகளால் காற்றை அழுத்தும் வகை) முழுச்சுமையில் இழுப்பதில் ஏறக்குறைய கால் பங்கு மின்சாரம் இழுக்கும். இயந்திரத்தை விற்றுவிட்டுப் போகிறவருக்கு, தேவைக்கு மீறிய பெரிய கம்ப்ரசரைத் தலையில் கட்டினால் லாபம். ஜெர்மனியின் கேசர் போன்ற நிறுவனங்களோ கம்ப்ரசரைத் தம் உடைமையாகவே வைத்துக்கொண்டு காற்றைக் கன மீட்டர் கணக்கில் விற்கின்றன. அப்போது இயந்திரத்தின் அளவு பொருந்தாவிட்டால், அதில் முடங்குவது விற்பவரின் முதல்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு, அதுவும் உண்மையான ஓட்டை! பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதக் காற்று குழாய் இணைப்புகளில் கசிந்து போகிறது. மீட்டருக்குப் பின்னால் கசிந்தால் அதற்கும் பில் வரும். அடைக்கச் சொல்லும் அவசரம் விற்பவருக்கு இருக்காது. கசிவுச் சோதனை யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மின்கட்டணம் ஆலையுடையது என்றால், ஒரு கன மீட்டர் காற்றுக்கு எத்தனை யூனிட் என்ற உச்சவரம்பும் வேண்டும்.

மாங்கூழ் ஆலைகளின் கதை வேறு. பெங்களூரா மாங்காய் வரத்து கோடையில் தொடங்கிச் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். ஆனால் விற்பவர் போட்ட முதலுக்கு வட்டி ஆண்டு முழுவதும் ஓடும். அதனால் குறைந்தபட்ச மாதக் கட்டணம் கேட்பார். பெரும்பாலான மாதங்கள் கூழ் ஓடாத ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. அன்றாடத் தேவைக்குச் சொந்தமாக ஒன்று, சீசன் உச்சத்துக்கு மட்டும் வாடகைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்வதே அவர்களுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.