எல்லாக் கதவும் ஒரே கதவு

எங்கள் ஆயா ஐம்பது வருஷம் காசிமேட்டில் ஒரே சந்தில் குடியிருந்தவர். கண் மங்கிய பிறகும் தனியாகப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர், தண்டையார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு நாங்கள் குடிவந்த முதல் மாதமே நாலு தடவை வழி தவறினார். ஒவ்வொரு முறையும் இரண்டாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே உள்ள வீட்டு கிரில் கேட்டில் சாவியைத் திருகிக்கொண்டு நிற்பார். "ஆயா, உன் வூடு மேல" என்று அந்த வீட்டுப் பையன் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். வயசாச்சு, மறதி என்றார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல்தான் சந்தேகம்.

நம் மூளையில், காதுக்குச் சற்று உள்ளே, கடல்குதிரை போல வளைந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. எலிகளின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய கம்பிகளைப் பொருத்திப் பார்த்த ஜான் ஓ'கீஃபும் அவருடைய மாணவரும் 1971-ல் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் ஒரு நரம்பணு துடிக்கிறது. வேறு மூலைக்கு வேறு அணு. இவை இட அணுக்கள். 2014-ல் நார்வே விஞ்ஞானிகளான மோசர் இணையரோடு சேர்த்து ஓ'கீஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் திசை அணுக்களும் தனியாக உண்டு.

பின்னால் நடந்த ஒரு சோதனைதான் ஆயாவை எனக்குப் புரியவைத்தது. அச்சு அசலாக ஒரே மாதிரி நாலு அறைகள், ஒரே வரிசையில், வாசல் எல்லாம் ஒரே பக்கம். எலி எந்த அறைக்குள் போனாலும் பெரும்பாலான இட அணுக்கள் அந்தந்த அறையின் அதே மூலையில் துடித்தன. மூளையின் கணக்கில் நாலும் ஒரே அறை. எது எந்த அறை என்று பழகவும் எலிகள் திணறின. அப்புறம் அந்த நாலு அறைகளையும் விசிறி போல விரித்து, ஆளுக்கொரு திசை பார்க்க வைத்தார்கள். குழப்பம் வெகுவாகக் குறைந்தது, எலிகள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. செய்தது திருப்பி வைத்தது மட்டும்தான்.

மாடிக்கு மாடியும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பழைய சந்தில் எந்த இரண்டு வாசலும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் திண்ணை, ஒன்றில் வலை காயும், அடிபம்பு தாண்டினால் சந்து கொஞ்சம் வளையும், வளைந்ததும் கடல் காற்று முகத்தில் அடிக்கும். இங்கே வளைவே கிடையாது. இரண்டு பக்கமும் கதவுகள், நடுவில் நீள நடை, பட்டப்பகலில் டியூப்லைட்.

அந்த டியூப்லைட்டும் சின்ன விஷயமில்லை. பார்ப்பதற்கான அணுக்கள் போக, வெளிச்சத்தை அளந்து உடம்பின் கடிகாரத்துக்குச் சொல்லும் அணுக்களும் விழித்திரையில் இருப்பது 2002-ல் தெரியவந்தது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; டியூப்லைட் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டாது. பகலில் மரநிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் உண்டு. பகல் முழுக்க இருட்டு நடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ராத்திரி தூக்கம் எப்படி ஒழுங்காக வரும்?

நரம்பியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் இதையெல்லாம் சேர்ந்து பேசவே 2003-ல் அமெரிக்காவின் சான் டியகோவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். எங்கள் பிளாக்குக்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. மாடிக்கொரு நிறம், நடையின் கோடியில் ஒரு ஜன்னல், அதில் தூரத்து அடையாளம் ஏதாவது தெரிந்தால் போதும். திசை அணுக்கள் அந்த மாதிரி அசையாத அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன.

எங்கள் மாடியில் கோடியிலுள்ள சிமென்ட் ஜாலியில் இரண்டு கட்டை உடைந்துபோனது. அந்த ஓட்டை வழியே ஹார்பர் கிரேன் தெரிகிறது. ஆயா இப்போது படி ஏறியதும் முதலில் அங்கே பார்க்கிறார். கிரேன் தெரியாவிட்டால் இன்னொரு மாடி ஏறுகிறார்.