குட்டி துள்ளுகிறதே, இதயத்தில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?

முதல் தடுப்பூசிக்குத் தூக்கிப்போன நாய்க்குட்டியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த கால்நடை மருத்துவர், "இதயத்தில் முணுமுணுப்பு (துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல்) கேட்கிறது, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று சொன்னால், பலர் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது, அப்புறம் என்ன என்ற நினைப்பு. பிறவி வால்வுக் கோளாறில் ஆளை ஏமாற்றுவதே இந்த ஓட்டமும் துள்ளலும்தான்.

இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தம் ஒரே திசையில் போவதற்காகத் திறந்து மூடுவதுதான் அவற்றின் வேலை. கருவில் உருவாகும்போதே இதழ்கள் தடித்தோ ஒன்றோடொன்று ஒட்டியோ போனால் வழி குறுகிவிடும். சரியாகப் பொருந்தாவிட்டால் மூடிய பிறகும் கசியும். நாய்களில் அதிகம் வருவது குறுகல்தான். நுரையீரலுக்குப் போகும் வால்வு குறுகுவதை புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பீகிள் போன்ற இனங்களில் பார்க்கலாம். இடப்பக்கத்தில் கதை வேறு: உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் வால்வுக்குச் சற்றுக் கீழே நார்த்திசு ஒரு மேடாகவோ வளையமாகவோ வளர்ந்து வழியை அடைக்கும். நியூஃபவுண்ட்லாண்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர், பாக்ஸர் இனங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இது பிறந்த அன்றே முழுதாக இருக்காது, முதல் சில மாதங்களில் வளரும். அதனால் 8 வாரத்தில் சுத்தமாகக் கேட்ட இதயம் 6 மாதத்தில் இரைவதும் உண்டு.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? அகலமாக வரும் ஆறு குறுகலான மதகில் நுழையும்போது வேகமெடுத்துச் சுழித்துக்கொண்டு பாய்கிறதல்லவா, ரத்தமும் அப்படித்தான். வேகம் கூடக்கூட அடைப்புக்கு இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசமும் கூடுகிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் எக்கோவில் வேகத்தை அளந்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்கினால் வித்தியாசம் கிடைத்துவிடும். வினாடிக்கு 5 மீட்டர் என்றால் 100 மில்லிமீட்டர் பாதரசம். பொதுவாக 50-க்குக் கீழே லேசானது, 80-க்கு மேல் கடுமையானது. ஊசி, கத்தி எதுவும் இல்லாமல், மார்பின் மேல் வைக்கும் ஒரு கருவியிலிருந்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது!

கூடுதல் அழுத்தத்தைத் தள்ள இதயத்தசை தடிக்கிறது. இதனால்தான் குட்டி நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் தடித்த தசைக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராது. வேகமாக ஓடும்போது துடிப்பின் தாளம் கெட்டு மயங்கி விழலாம், கடுமையான பெருந்தமனிக் குறுகலில் அதுவரை எந்த அறிகுறியும் காட்டாத நாய் திடீரென்று இறந்தும் போகலாம். கசிவு வகையில் அறைகள் ஊதிப் பெருத்துவிடும்: மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான வால்வு லாப்ரடாரில் வலப்பக்கம் கசிந்தால் வயிற்றில் நீர் கோக்கும், பூனைகளில் இடப்பக்கம் கசிந்தால் மூச்சு வாங்கும். மாடு, குதிரைகளில் பிறவிக் கோளாறு என்றால் பெரும்பாலும் கீழறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை; வால்வுக் கோளாறு அபூர்வம்.

எல்லா முணுமுணுப்பும் நோயல்ல. மெல்லியதாகக் கேட்பது 5 மாதத்துக்குள் தானாக மறைந்துவிடலாம். சத்தத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 5-ம் தரத்தில் இடது முன்னங்கால் இடுக்கில் உள்ளங்கையை வைத்தாலே அதிர்வு தட்டுப்படும். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

நுரையீரல் வால்வின் குறுகலை, ரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி விரித்துவிட முடியும், நல்ல பலன் உண்டு. புல்டாக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: சில புல்டாக்குகளுக்கு இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய் அந்த வால்வின் அடியைச் சுற்றிப் போகும், பலூன் விரிந்தால் அது கிழிந்துவிடலாம், ஆகவே முதலில் அதன் பாதையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். பெருந்தமனிக் குறுகலில் பலூனால் நீண்டகாலப் பயன் குறைவு. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரையும், ஓட்டத்தைக் குறைப்பதும்தான் வழக்கம்.

இனப்பெருக்கம் செய்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, இணை சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்களுக்கும் டாப்ளர் எடுங்கள். லேசான குறுகலோடு ஒரு நாய் முழு ஆயுளும் சுகமாக வாழ்ந்துவிடும், அதன் குட்டிக்கோ அதுவே கடுமையாக வரலாம்.